கருவுற்ற மனையிற் புகை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற் பேசுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, கல்வி, கைத்தொழில், விவாகச் செலவு முதலியனவாகப் பலகாலும் பேசப்பட்ட விஷயங்களுள் ஒன்றையே யாம் எடுத்துக்கொள்வோமென்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், பிறந்த பிள்ளையைப் படிப்பிப்பது எவ்வாறென்று ஆராயுமுன், பிள்ளை நலமாய்ப் பிறத்தற்கு நம் மனைகளிற் செய்யத்தக்கது யாதென்று ஆராய்தல் முறையன்றோ? ஆதலின், கர்ப்ப காலத்திலும் சிசுவின் முதலாண்டிலும் புகையிலைப் புகை விளைக்கும் தீங்குகளைக் குறித்துச் சில சொல்லக் கருதினோம்.

இதனைக் கேட்டவுடனே, "நம் பெண்மக்கள் புகை பிடிப்பதில்லையே, இப்பேச்சு மேனாட்டார்க்கன்றோ உரியது?" என்னும் எண்ணம் பலர் உள்ளத்தும் எழும். அவ்வெண்ணத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2016-17 ஆம் ஆண்டுகளில் இந்திய தேசமுழுவதும் நடந்த கணக்கெடுப்பின்படி, வயதுவந்த ஆடவருள் நூற்றுக்கு 19 பேர் புகைப்பவர். பெண்டிருள் நூற்றுக்கு 2 பேரே. ஆனால், அதே கணக்கு மற்றோர் உண்மையையும் உரைக்கின்றது. வயதுவந்தோருள் தம் வீட்டினுள்ளேயே புகையிலைப் புகையை நுகர நேர்பவர் நூற்றுக்கு 38 பேருக்கு மேற்பட்டவர். புகைப்பவர் சிலர்; புகையை உட்கொள்பவர் பலர். அப்பலருள் சூலுற்ற மகளிரும் உளர். வயிற்றினுள் இருக்குங் குழந்தையோ எக்கணக்கிலும் சேர்க்கப்படாதது. ஆகவே, இப்பேச்சு பெண்டிரை நோக்கியதன்று. ஆடவராகிய நம்மை நோக்கியதே என்பதை முதற்கண் தெளிவாக்கிக்கொள்கின்றோம்.

புகையிலை நம் நாட்டில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகேசியர் வாயிலாக இங்குப் புகுந்தது. புகுந்த சில நூற்றாண்டுகளுக்குள் வெற்றிலைத் தட்டில் இடம் பெற்று விருந்தினர்க்கு அளிக்கும் உபசாரப் பொருளாயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் புகையிலையையே தூதாக விடுத்து ஒரு பிரபந்தம் பாடினாரென்றால் அதற்கு உண்டான மதிப்பை வேறு கூறவும் வேண்டுமோ? 'புகையிலை விடு தூது' என்னும் அந்நூலை மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1939-ஆம் ஆண்டிற் பதிப்பித்தார்கள். வந்தேறிய ஒரு பொருள் வழக்கத்தால் மரியாதை பெற்றதற்கு இஃது ஒரு சான்று. வழக்கத்தாற் பெற்ற மரியாதையை வழக்கத்தாலேயே நீக்கவுங் கூடும் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் நலம்.

இனி, கருவில் நிகழ்வதைக் கூறுவாம். வயிற்றிலுள்ள சிசு தானாக மூச்சு விடுவதுமில்லை, தானாக உண்பதுமில்லை. பிராணவாயுவும் உணவின் சாரமும் தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வாயிலாகவே அதற்குச் சென்று சேர்கின்றன. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை; மெல்லிய சவ்வொன்றை இடையில் வைத்து, கொள்வதுங் கொடுப்பதுமாகிய வாணிகம் இடையறாது நடக்கின்றது. புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உளவென்றும், அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை விளைப்பனவென்றும் கண்டிருக்கின்றனர். அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துரைத்தல் இங்கே போதுமானது.

முதலாவது நிக்கோடின். இது இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வது. நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் இதனாற் குறைகின்றது. அன்றியும், இஃது அச்சவ்வை எளிதிற் கடந்து சிசுவின் உடலுட் புகுந்து, அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் மூளையையும் நுரையீரலையும் தாக்குகின்றது. இரண்டாவது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு. நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் பிராணவாயுவை ஏற்றிச் செல்லும் வண்டிகள் போல்வன. இந்நச்சுவாயுவோ பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அவ்வண்டியில் ஏறிக்கொள்கின்றது. ஏறியபின் எளிதில் இறங்குவதுமில்லை. கள்வன் ஏறி அமர்ந்த வண்டியிற் சரக்கேற்ற இடமேது? தாயின் இரத்தத்தில் உள்ளதினும் சேயின் இரத்தத்தில் இவ்வாயு மிகுதியாகத் தங்கிவிடுகின்றது. ஆகவே, தாய் பெருமூச்செறியும் அளவிற்குக்கூட வருந்தாதபொழுதும் சேய் மூச்சுக்கு ஏங்குகின்றது.

நச்சுக்கொடி என்னும் பெயரில் நஞ்சு இருப்பினும் அதன் தொழில் அமுதூட்டுவதே. அதனை அதன் பெயருக்கு ஏற்றதாக்கிவிடுவது புகைப்பவர் செயல்.

இதனாலாகிய விளைவுகளை மருத்துவ உலகம் ஒரே நாளிற் கண்டுகொள்ளவில்லை. 1957-ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் ஸிம்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர், புகைக்குந் தாய்மார்க்கு நிறைகுறைந்த குழந்தைகள் மிகுதியாகப் பிறத்தலைக் கணக்கிட்டு வெளியிட்டார். பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு வாரத்திற்குள் நிகழ்ந்த ஏறத்தாழ 17,000 பிரசவங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். அவற்றை ஆராய்ந்து பட்லர், கோல்ட்ஸ்டீன், ராஸ் என்னும் மூவர் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு யாதெனின்: நான்காம் மாதத்திற்குப் பின்னும் புகைத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரி 170 கிராம் எடை குறைந்து பிறந்தன, பிரசவத்தையொட்டி நேருஞ் சிசு மரணம் நூற்றுக்கு 28 பங்கு மிகுந்திருந்தது. இவ்வளவோடு நின்றிருப்பின் அது துயரச் செய்தியே. ஆனால், அவர்கள் கண்ட வேறொன்று நமக்குப் பெரிதும் ஆறுதல் அளிப்பது. நான்காம் மாதம் முடிவதற்குள் அப்பழக்கத்தை விட்டொழித்த தாய்மாரின் குழந்தைகள், புகையாத தாய்மாரின் குழந்தைகளைப் போன்றே நலம் பெற்றிருந்தன. காலம் கடந்துவிடவில்லை என்று சொல்லத்தக்க ஒரு நாள் உண்டென்பதும், அந்நாள் இன்னதென்பதும் இதனாற் பெறப்பட்டன.

நச்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்து அமைதல், காலத்திற்கு முன்னரே கழன்றுவிடுதல், குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே சிசு இறத்தல், உதடும் அண்ணமும் பிளந்து பிறத்தல் ஆகிய இவையும் தாயின் புகைப்பழக்கத்தோடு தொடர்புடையனவாகப் பின்னர்க் காணப்பட்டன.

"இவையெல்லாந் தாமே புகைக்கும் தாய்மார்க்கு உரியன, கணவன் புகைத்தால் மனைவியின் வயிற்றிலுள்ள குழந்தைக்கு யாது கேடு?" என்று வினவலாம். இவ்வினாவையும் ஆராய்ச்சியாளர் விட்டுவைக்கவில்லை. பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், தாம் புகையாமல் பிறர் புகையை நுகர நேர்ந்த கர்ப்பிணிகட்குக் குழந்தை இறந்து பிறத்தல் நூற்றுக்கு 23 பங்கு மிகுதியெனக் கண்டனர். எடைக்குறைவும் அத்தகைய தாய்மார்க்கு உண்டு. தாமே புகைப்பவர்க்கு உள்ள அளவினதன்றெனினும் உண்டு. நம் நாட்டுக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2,800 கிராம். 2,500 கிராமுக்குக் குறைந்து பிறப்பதனை எடைக்குறைவு என்பர் மருத்துவர். மேனாட்டிற் கொழுத்துப் பிறக்கும் குழந்தைக்குச் சில கிராம் குறைவது ஒன்று. விளிம்பிலே நிற்கும் நம் குழந்தைக்குக் குறைவது வேறொன்று. நிறைந்த குடத்திற் கையளவு நீரை முகப்பதும், அடிமட்டத்திலுள்ளதில் முகப்பதும் ஒக்குமோ?

நம் மகளிர் புகைப்பதில்லையெனினும், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. பல்வலிக்கென்றும், மசக்கையிற் குமட்டலுக்கென்றும் தொடங்கி, பின் விடமுடியாத பழக்கமாக முடிவதுமுண்டு. முன் சொன்ன கணக்கெடுப்பிலேயே, புகையில்லாத வகையிற் புகையிலையைக் கொள்ளும் பெண்டிர் நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்டவரெனக் காண்கின்றோம். மும்பை நகரில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இங்ஙனம் புகையிலையைக் கொண்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைந்தும், குறைமாதத்திற் பிறந்தும் துன்புற்றமை காட்டப்பட்டிருக்கின்றது. புகை இல்லாமையால் நஞ்சும் இல்லையென்று எண்ணற்க. தாம்பூலம் மங்கலப் பொருள். அதனுள் புகையிலை கலந்தபின் மங்கலம் எங்ஙனம் நிற்கும்?

இனி, பிறந்த பின்னர் நிகழ்வன. வளர்ந்த மனிதன் ஒரு நிமிஷத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றான். புதிதாய்ப் பிறந்த சிசுவோ 30 முதல் 60 முறை விடுகின்றது. ஒரே அறையில் ஒரே புகை சூழ்ந்திருக்க, தொட்டிலிற் கிடக்குங் குழந்தை தன் உடலளவிற்கு நம்மினும் மிகுதியாக அதனை உட்கொள்கின்றதென்பது இதனால் விளங்கும். நாம் வேண்டாமென எழுந்து செல்லலாம். அதற்கோ கழுத்தைத் திருப்பும் வலியும் இல்லை.

லண்டன் மாநகரையடுத்த ஹாரோ என்னும் பகுதியில் 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாய் தந்தை இருவரும் புகைக்கும் வீட்டுக் குழந்தைகட்கு முதலாண்டில் மார்ச்சளியும் நிமோனியாவும் வருதல், இருவரும் புகையாத வீட்டுக் குழந்தைகட்கு வருதலினும் ஏறத்தாழ இரு மடங்கு. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, பிறர் புகையால் குழந்தைகட்கு மூச்சுக்குழல் நோய்களும், காதின் உட்பகுதி நோய்களும், கடுமையான ஆஸ்துமாவும், உறக்கத்திலேயே காரணம் விளங்காமல் திடீரென இறக்கும் கொடுமையும் விளைகின்றனவென்றும், இத்தனை அளவு புகை தீங்கற்றது என்று வரையறுக்கத்தக்க அளவே இல்லையென்றும் உறுதியாகக் கூறிற்று.

தாயே புகையிலையைக் கொள்வாளாயின், அவள் இரத்தத்தில் உள்ளதினும் மிகுதியாக நிக்கோடின் அவள் பாலிற் சேர்கின்றது, பாற்சுரப்புங் குறைகின்றது. இதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடுதல் தகாது. நிறுத்தத்தக்கது புகையிலையே, தாய்ப்பாலுக்கு இணையான ஆகாரம் சிசுவுக்கு இல்லை.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர் ஆகிய ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கட்குப் பீடி சுற்றுதலே சீவனம். மகளிர் வீட்டிலிருந்தே அத்தொழிலைச் செய்கின்றனர். மடியிலே தட்டும், அருகிலே தொட்டிலுமாக இருக்கக் காண்கின்றோம். அவர்தம் பிழைப்பைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. புகையிலைத் தூள் மூச்சின் வழியும் தோலின் வழியும் உடலிற் சேர்வதாதலின், கருவுற்ற காலத்தில் அவ்வேலையை வீட்டிலுள்ள பிறர் ஏற்றுக்கொள்ளுதலும், தூள் கிடக்கும் அறையிற் குழந்தையைக் கிடத்தாமையும், கை கழுவிய பின்னரே பாலூட்டுதலும் இன்றியமையாதன.

இனி, எதிர்ப்பாகச் சொல்லப்படுஞ் சிலவற்றிற்கு விடை கூறுவாம்.

"எங்கள் பாட்டனார் நாளெல்லாம் சுருட்டுப் பிடித்தார், நாங்கள் பன்னிருவரும் பிறந்து வளரவில்லையா?" என்பர் சிலர். வளர்ந்தவர் எழுந்து நின்று இவ்வாறு கேட்கின்றனர். வளராது மறைந்தவர் எழுந்து நின்று விடை கூறுதல் இயலாது. நம் குடும்பங்களிற் பெயரிடுமுன்னரே மறைந்த குழந்தைகள் எத்தனை என்று மூத்த தாய்மாரைக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். அவை யாவும் புகையால் மறைந்தன என்று யாம் கூறவில்லை. தப்பியவரை மட்டும் எண்ணிக் கணக்கு முடித்தல் நேர்மையன்று என்றே கூறுகின்றோம்.

"குழந்தை சிறிதாயிருப்பின் பிரசவம் எளிதாகுமே" என்று எண்ணுவாரும் உளர். எடை குறைந்த குழந்தை பால் உறிஞ்சும் வலியும், உடற்சூட்டைக் காக்கும் வலியும், நோயை எதிர்க்கும் வலியும் குறைந்தே பிறக்கின்றது. ஒரு நாள் வேதனைக்கு அஞ்சி ஓராயுளின் பலத்தை விலையாகக் கொடுப்பது எவ்வகையில் இலாபமாகும்?

"யாம் அறையிற் புகைப்பதில்லை; திண்ணைக்குப் போய்விடுகின்றோம்" என்பது மூன்றாவது. அஃது ஓரளவு நன்றே, முற்றும் நன்றன்று. திண்ணைப் புகை சன்னல் வழியே உட்செல்கின்றது. வேட்டியிலும் துண்டிலும் தாடியிலும் விரலிலும் படிந்த நஞ்சு, குழந்தையை வாரியெடுக்கும்பொழுது அதனிடஞ் சேர்கின்றது. "பத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டோம்" என்பதும் இத்தகையதே. விடுதல்தான் மருந்து, குறைத்தல் மருந்தாகாது.

தாய்மார்களே! குழந்தை மெலிந்து பிறந்தால் நம் வீடுகளிற் பழி யார் மேல் விழுகின்றது? "அவள் சரியாக உண்ணவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவள் பிறந்தகத்து வாகு அப்படி" என்று மருமகள் மேலேயே விழுகின்றது. கூடத்திற் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நாள்தோறும் புகை விட்டவரை எவரும் நோக்குவதில்லை. அம்மருமகள் தன் மாமனாரை நோக்கி, "ஐயா, இப்புகை என் வயிற்றிலுள்ள உம் பேரனுக்கு ஆகாது" என்று சொல்லத் துணிவாளோ? கணவனை நோக்கிச் சொன்னாலும், மாமியார் காதில் விழுமோவென்று அஞ்சியே சொல்லவேண்டும். தீங்கு அடைபவள் வாய் திறத்தற்கில்லை; அவளினும் மிகுதியாகத் தீங்கு அடையும் குழந்தைக்கோ வாயே இல்லை. இவ்விருவர் சார்பிலும் பேசத்தக்கவர் யாவர்? ஆடவர்க்கு ஆடவரே சொல்லவேண்டும். பெரியவர்க்குப் பெரியவரே சொல்லவேண்டும். சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்கன்றி வேறெதற்கு?

அரசாங்கத்தின் சட்டம் உண்டு. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் பொது இடங்களிற் புகைத்தல் இந்தியா முழுவதும் தடுக்கப்பட்டிருக்கின்றது. சட்டத்தால் நன்மை விளையுமென்பதும் மெய்யே. ஸ்காட்லாந்து தேசத்தில் 2006-ஆம் ஆண்டில் மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடுத்த பின்னர், குறைமாதப் பிரசவங்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தனவென்று 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஆனால், சட்டம் நம் வாயிற்படியளவே வரும். அதனைக் கடந்து உள்ளே வருவதில்லை. உள்ளே குல வழக்கமே சட்டம். ஆதலின், அரசாங்கத்தாற் செய்ய இயலாத ஒன்றை நம் சங்கம் செய்தல் கூடும்.

யாம் பணிவுடன் வேண்டுவன நான்கு.

ஒன்று: மனைவி கருவுற்றாளென்று அறிந்த அன்றே கணவன் புகையை விட்டொழித்தல், வளைகாப்பு, சீமந்தம் வரையில் நாள் பார்த்திருத்தல் வேண்டா. அச்சடங்குகள் பல குடும்பங்களில் ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில் வருவன. அதற்குள் நான்காம் மாதம் கழிந்துபோம். தானாக விட இயலாதவர் மருத்துவரை நாடுக. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம்.

இரண்டு: நம்மவர் விவாகங்களிலும் வளைகாப்புகளிலும் பெயரிடும் விழாக்களிலும் தாம்பூலத் தட்டிற் சிகரெட்டும் புகையிலையும் வைப்பதில்லையென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுதல். வைத்தால் மரியாதை, வையாவிட்டால் அவமரியாதை என்னும் வழக்கத்தை மாற்றி, வைப்பதே அவமரியாதை என்னும் வழக்கத்தை உண்டாக்குதல்.

மூன்று: குழந்தை ஓராண்டு நிறையும்வரை, புகைத்துவிட்டு வந்த விருந்தினர் எவராயினும் குழந்தையை எடுக்க இடங்கொடாமை. இதனைத் தாய் சொல்ல வேண்டா. வீட்டுத் தலைவரே வாயிலில் நின்று சொல்லுதல் வேண்டும்.

நான்கு: புகைக்குச் செலவிட்ட பொருளை ஓர் உண்டியலில் இட்டுவருதல். நாளொன்றுக்கு 50 ரூபாய் செலவிட்டவர் 300 நாளில் 15,000 ரூபாய் சேர்த்திருப்பர். பிறக்கும் பிள்ளையின் பெயரால் அதனை வங்கியில் இடலாம். கருவுற்ற மகளுக்குப் பாலும் பழமும் முட்டையும் வாங்கலாம். புகையாய்ப் போகும் பொருள் பிள்ளையின் எலும்பாகவும் தசையாகவும் மாறுவதினும் சிறந்த முதலீடு யாதுளது?

பெரியோர்களே! நம் முன்னோர் கருவுற்ற பெண்ணைத் தெய்வம் போற் பேணினர். அவள் கேட்டதை மறுக்கவில்லை; அவள் முன் கடுஞ்சொல் கூறவில்லை; நல்ல கதைகளையும் நல்ல இசையையும் அவள் செவியிற் படச்செய்தனர். கேட்கும் ஒலியும் கருவைச் சேருமென்று நம்பிய குலத்தார், மூச்சுக் காற்று கருவைச் சேராதென்று எண்ணுவது பொருந்துமோ? அவர்கள் இருந்த காலத்தில் இவ்வுண்மைகள் அறியப்படவில்லை. நமக்கோ அறியாமையைக் காரணமாகக் காட்டும் இடமில்லை.

இத்தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் முன்மொழியச் சங்கத்துப் பெரியோரே முன்வரவேண்டுமென்று வேண்டிக்கொண்டு அமைகின்றோம். நம் மனைகளிற் பிறக்கும் மக்கள் நிறைமாதமும் நிறையெடையும் உடையராய்ப் பிறந்து நீடு வாழ்க!